புளியஞ்சோலையில் ஒரு நாள் சும்மா!

சைக்கிளில் சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை போகப் போவதாக ஆபீஸில் சொல்லிப் பாருங்கள். மரியாதை தானாகத் தேடி வரும். "அடேயப்பா! எத்தனை நாள் ஸார்?" என்பார்கள். கேன்டீனில் டீ வாங்கிக் கொடுப்பார்கள்.

"பதினோரு நாள். அதுல ஒரு நாள் சைக்கிளைத் தொடமாட்டோம். சும்மா இருப்போம்" என்று அடுத்த வரியைச் சொல்லுங்கள். மரியாதை புஸ்ஸென்று இறங்கிவிடும். "ஓஹோ... பிக்னிக்கா?" என்று கேட்டுவிட்டு, கொடுத்த டீயைத் திரும்ப வாங்காத குறையாக நகர்ந்துவிடுவார்கள்.

நூறு கிலோமீட்டர் மிதிக்கிறவன் வீரன். நடுவில் ஒரு நாள் காலை நீட்டிப் படுக்கிறவன் சோம்பேறி. நம் ஊர்க் கணக்கு இதுதான். இந்தக் கணக்கு தப்பு என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் உடம்பு விஷயம் வரும், கொஞ்சம் சரித்திரம் வரும், ஒரு குரங்கும் வரும். தைரியமாகப் படிக்கலாம்.

காலுக்குள் என்ன நடக்கிறது?

முதலில் ஒரு வாய்ப்பாடு. அவசரமில்லாமல் மிதித்தால் பெடல் நிமிஷத்துக்கு 60 சுற்று சுற்றும். ஒரு மணி நேரத்துக்கு 3,600. ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம் மிதித்தால் 25,200. மூன்று நாளைக்கு 75,600! பிள்ளையார் முன்னால் 21 தோப்புக்கரணம் போட்டாலே மறுநாள் மாடிப்படி ஏறும்போது "அம்மா" என்கிறோம். நம்ம முழங்கால் எழுபத்தையாயிரம் தடவை மடங்கி நிமிர்ந்தால் அது ஒன்றும் சொல்லாமல் இருக்குமா?

இதற்கெல்லாம் சரக்கு எங்கிருந்து வருகிறது? சாப்பிட்ட சோறும் இட்லியும் சர்க்கரையாகி, அதில் ஒரு பங்கு கிளைக்கோஜன் என்ற பெயரில் தசையிலும் ஈரலிலும் கையிருப்பாக இருக்கிறது. மொத்தம் சுமார் 400 முதல் 500 கிராம். கலோரியில் சொன்னால் சுமார் 2,000. இரண்டு மூன்று மணி நேரம் மூச்சு வாங்க மிதித்தால் கையிருப்பு காலி. அப்புறம் தலை சுற்றும், கால் பிசையும், பக்கத்தில் வருகிறவனைக் காரணமில்லாமல் திட்டத் தோன்றும். (கடைசி அறிகுறி மாசக் கடைசியிலும் வரும். அது வேறு கையிருப்பு.)

நன்றாகச் சாப்பிட்டு ஓய்வெடுத்தால் இந்தக் கையிருப்பு திரும்ப நிரம்பச் சுமார் ஒரு நாள் ஆகும். நாமோ சாயங்காலம் ஆறு மணிக்கு இறங்கி, புரோட்டா சாப்பிட்டு, காலை ஐந்துக்கு மறுபடி ஏறிவிடுகிறோம். தினமும் கொஞ்சம் பாக்கி விழும். மூன்று நாளில் வட்டியும் சேரும்.

இன்னொரு விஷயம். மறுநாள் கால் வலித்தால் "லாக்டிக் ஆஸிட் தங்கிப் போச்சு" என்று ஜிம்முக்குப் போகிற எல்லாரும் சொல்வார்கள். அது மிதிப்பதை நிறுத்திய ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் வடிந்துவிடுகிற சமாசாரம். மறுநாளும் அதற்கு மறுநாளும் வலிப்பது தசை நார்களில் விழுந்த நுணுக்கமான கிழிசல்களால். உடம்பு அவற்றைத் தைத்துச் சரி செய்கிறது. பழையதைவிடப் பலமாகவே தைக்கிறது. ஆனால் தையல்காரருக்குத் துணியைக் கொடுத்துவிட்டு, அதையே போட்டுக்கொண்டு ஓடினால் எப்படித் தைப்பார்?

சாம்பியன்களும் படுத்தவர்களே!

"இதெல்லாம் நம்மை மாதிரி தொந்தி கேஸுக்கு. பெரிய வீரனெல்லாம் ஓய்வா எடுக்கறான்?" என்று கேட்கலாம். எடுக்கிறான் ஸார்.

பிரான்ஸில் நடக்கும் 'டூர் டி பிரான்ஸ்' உலகத்திலேயே பேர் பெற்ற சைக்கிள் பந்தயம். இப்போது மூன்று வாரத்தில் 21 கட்டம். நடுவில் இரண்டு நாள் ஓய்வு என்று அட்டவணையிலேயே அச்சடித்து வருகிறது. 1903-ல் நடந்த முதல் பந்தயத்தைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். ஜூலை 1 முதல் 19 வரை, 2,428 கிலோமீட்டர், ஆனால் மொத்தம் ஆறே கட்டம். முதல் கட்டம் மட்டும் பாரிஸிலிருந்து லியோன் வரை 467 கிலோமீட்டர்! ராத்திரியும் மிதித்தார்கள். அதனால் பெரும்பாலான கட்டங்களுக்கு நடுவே சில நாட்கள் இடைவெளி விட்டார்கள். அப்படியும் கிளம்பியது 60 பேர், போய்ச் சேர்ந்தது 21 பேர்.

வெளிநாடு எதற்கு? 1923 அக்டோபரில் பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் சைக்கிளில் உலகத்தைச் சுற்றக் கிளம்பினார்கள். வழியில் மூன்று பேர் கழன்றுகொள்ள, ஆதி ஹக்கீம், ஜால் பாப்பாஸோலா, ரஸ்தம் பும்காரா மூவரும் 1928 மார்ச்சில் திரும்பி வந்தார்கள். மிதித்தது சுமார் 71,000 கிலோமீட்டர். பாலைவனம், காடு, பனிமலை எதையும் விடவில்லை.

இதை நாள் கணக்கில் வகுத்துப் பாருங்கள். சுமார் நாலரை வருஷம், அதாவது 1,600 நாளுக்குக் கொஞ்சம் மேல். சராசரி ஒரு நாளைக்கு 44 கிலோமீட்டர்! நம்ம பையன் ஞாயிற்றுக்கிழமை காலை கோவளம் போய்விட்டு டிபனுக்குத் திரும்புகிற தூரத்தைவிடக் குறைவு. கப்பலில் போன நாள், ஊர்களில் தங்கிய நாள், நின்ற நாள் எல்லாம் சேர்ந்துதான் உலகத்தைச் சுற்றின கணக்கு. நின்ற நாட்களைக் கழித்திருந்தால் உலகமும் கழிந்திருக்கும்.

எட்டுப் பேர், ஒரு அட்டவணை

இந்த விஷயத்தையெல்லாம் நேரில் பார்க்கிற சந்தர்ப்பம் எனக்குக் கிடைத்தது புளியஞ்சோலையில்.

நாங்கள் எட்டுப் பேர். பெயரெல்லாம் வேண்டாம், வீட்டில் திட்டு விழும். ஒரு பேங்க்காரர் (தலைவர், அட்டவணை போடுகிறவர்). ஒரு பி.டி. மாஸ்டர். ஒரு மெடிக்கல் ரெப். ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிற ஒரு கம்ப்யூட்டர் தம்பி. அம்பத்தூர்க்காரர்களான அண்ணன், தம்பி இரண்டு பேர். ரயில்வேயில் முப்பது வருஷம் வேலை பார்த்த ஒரு பெரியவர். எங்களுக்கெல்லாம் ரயில்வே அண்ணன். அப்புறம் நான்.

ஜனவரி 26-ஐ நடுவில் வைத்து, முன்னும் பின்னும் சி.எல்., ஈ.எல். என்று ஒட்டுப் போட்டு, பதினோரு நாள் தேற்றினோம். முதல் நாள் சென்னை - விழுப்புரம். இரண்டாம் நாள் பெரம்பலூர். மூன்றாம் நாள் துறையூர் வழியாகப் புளியஞ்சோலை. நான்காம் நாள் ஓய்வு. அப்புறம் நாமக்கல், அங்கிருந்து காரவள்ளி போய் 70 கொண்டை ஊசி வளைவு ஏறி கொல்லிமலை, மறுநாள் அதே 70 வளைவு இறங்கி கரூர், மதுரை, கன்னியாகுமரி.

புளியஞ்சோலை எங்கே என்று கேட்பவர்களுக்கு: கொல்லிமலையின் கிழக்கு அடிவாரம். மலை நாமக்கல் மாவட்டம், அடிவாரம் திருச்சி மாவட்டம். மேலே அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்தில் ஆகாய கங்கையாகக் குதிக்கிற ஐயாறுதான் இங்கே பாறைக்குப் பாறை தாவி இறங்கி வருகிறது. ஆகாய கங்கைக்கு இங்கிருந்து காட்டு வழியாக நடந்தே ஏறுகிற பழைய பாதை ஒன்று உண்டு. நம்ம சைக்கிளுக்கு அது சரிப்படாது. சுற்றிக்கொண்டு மலையின் மறுபக்கம்தான் போகவேண்டும். வல்வில் ஓரி ஆண்ட மலை. கடையெழு வள்ளல்களில் ஒருவர். அவர் இருந்திருந்தால் எட்டுப் பேருக்கும் எட்டுக் குதிரை கொடுத்திருப்பார், வேலை சுலபமாக முடிந்திருக்கும்.

மலைக்கு முன்னால் ஓய்வு என்பது பேங்க்காரர் போட்ட கணக்கு. "மலை ஏறின பிறகு ஓய்வு எடுத்தா அது ஆஸ்பத்திரி. ஏறறதுக்கு முன்னால எடுத்தாத்தான் ஓய்வு" என்பார்.

ராத்திரி ஒரு ஓட்டெடுப்பு

மூன்றாம் நாள் சாயங்காலம் நாங்கள் புளியஞ்சோலை போய்ச் சேர்ந்தபோது முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஆகியிருந்தது. தோட்டத்து வீடு ஒன்றில் இரண்டு ரூமும் ஒரு திண்ணையும் வாடகைக்கு. சாப்பாடு முடிந்ததும் கம்ப்யூட்டர் தம்பி ஆரம்பித்தான்.

"ஸார், எல்லாரும் ஜம்முன்னு இருக்கோம். எதுக்கு ஒரு நாளை வேஸ்ட் பண்ணணும்? நாளைக்கே நாமக்கல் போயிட்டா ஒரு நாள் முன்னாடி கன்னியாகுமரி. சன்ரைஸ், சன்செட் ரெண்டும் பார்த்துட்டு வரலாம்."

அவன் செல்போனில் கிலோமீட்டர் காட்டுகிற ஆப் ஒன்று இருக்கிறது. அதில் ஒரு நாள் பூஜ்யம் விழுவது அவனுக்குப் பரீட்சையில் பூஜ்யம் வாங்கின மாதிரி.

ஓட்டெடுப்பு வைத்தார்கள். ஓய்வை ரத்து செய்ய: கம்ப்யூட்டர் தம்பி, அம்பத்தூர் சகோதரர்கள், மெடிக்கல் ரெப், ரயில்வே அண்ணன். ஐந்து ஓட்டு. ஓய்வு வேண்டும்: பேங்க்காரர், பி.டி. மாஸ்டர், நான். மூன்று ஓட்டு. ஜனநாயகப்படி ஓய்வு காலி.

பி.டி. மாஸ்டர் எழுந்திருக்கவே இல்லை. படுத்தபடியே சொன்னார்: "சென்னையில எட்டுப் பேரும் கையெழுத்துப் போட்ட பேப்பரை எடுங்க. ஆறாவது பாயிண்ட். ஓய்வு நாளை மாத்தணும்னா எட்டுப் பேரும் சம்மதிக்கணும். நான் சம்மதிக்கலை. குட் நைட்."

பேங்க்காரர் பேப்பரை எடுத்துக் கண்ணாடி போட்டுப் படித்தார். அப்படியேதான் இருந்தது. லைட்டை அணைத்தோம். இருட்டில் ரயில்வே அண்ணன் மட்டும், "என்னால யாருக்கும் லேட் ஆகக்கூடாது. எனக்காகன்னா ஓய்வு வேண்டாம்" என்று இரண்டு தடவை சொன்னார். வயதில் பெரியவர், மரியாதைக்குச் சொல்கிறார் என்று எல்லாரும் புரண்டு படுத்தோம்.

சும்மா இருப்பது சும்மா இல்லை

காலையில் எட்டு மணி வரை தூங்கினோம். இட்லி. அப்புறம் எட்டு சைக்கிளையும் வரிசையாகத் திண்ணையோரம் கவிழ்த்துப் போட்டு ஆஸ்பத்திரி நடத்தினோம். மூன்று நாள் ரோட்டுப் புழுதியும் எண்ணெயும் சேர்ந்து செயினில் கரும்பு ஆலைப் பாகு மாதிரி ஒட்டியிருந்தது. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, புது எண்ணெய் விட்டோம். அம்பத்தூர் அண்ணன் வீலில் கோட்டம் எடுப்பதில் மன்னன். ரிம்மைச் சுற்றவிட்டு, ப்ரேக் கட்டை எங்கே உரசுகிறது என்று பார்த்து, போக்ஸ் கம்பியை அரைச் சுற்று முடுக்கி, அரைச் சுற்று தளர்த்தி, நாலு வீலைச் சரி பண்ணினார். என் பின் டயரில் ஒரு கண்ணாடிச் சில்லு டயரின் ரப்பரைத் துளைத்து ட்யூபைத் தொடாமல் காத்துக்கொண்டிருந்தது. ஓடுகிற வண்டியில் இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்?

கம்ப்யூட்டர் தம்பிக்கு இருப்பு கொள்ளவில்லை. "உப்பிலியபுரம் வரைக்கும் போய்ட்டு வரட்டுமா?" என்று கேட்டான். பேங்க்காரர் அனுமதி கொடுத்தார், "ஒரு மணி நேரம். மூச்சு வாங்கக்கூடாது. பாட்டுப் பாடிக்கிட்டே மிதிக்கற வேகம்" என்ற நிபந்தனையுடன். இது சலுகை இல்லை. டூர் டி பிரான்ஸ்காரர்களும் ஓய்வு நாளில் கட்டிலைக் கட்டிக்கொண்டு கிடப்பதில்லை. ஒன்று, இரண்டு மணி நேரம் மெதுவாக மிதித்துவிட்டு வருகிறார்கள். ஒரேயடியாக நிறுத்தினால் மறுநாள் கால் கட்டை மாதிரி ஆகிவிடும் என்பது அவர்கள் அனுபவம்.

மற்றவர்கள் ஆற்றுக்குப் போனோம். ஒன்று சொல்லிவிடுகிறேன்: ஐயாறு பார்க்கத்தான் பரம சாது. பாறை வழுக்கும், நடுவில் ஆழமான மடு இருக்கும். உள்ளூர்க்காரர் "இதுக்கு மேல போகாதீங்க" என்று கை காட்டினால் அதற்கு மேல் போகாதீர்கள். நாங்கள் முழங்கால் அளவுத் தண்ணீரில் காலை விட்டு உட்கார்ந்தோம். மலைத் தண்ணீர், ஐஸ். எரிந்துகொண்டிருந்த பாதமெல்லாம் பெருமூச்சு விட்ட மாதிரி இருந்தது.

துணி துவைத்துப் பாறையில் காயப்போட்டோம். அங்கேதான் குரங்கு வந்தது. கடலைமிட்டாய்ப் பொட்டலத்தைப் பார்த்தது, மெடிக்கல் ரெப்பின் சாக்ஸைப் பார்த்தது, யோசித்தது. சாக்ஸை எடுத்துக்கொண்டு மரத்தில் ஏறி முகர்ந்து பார்த்தது. அடுத்த நிமிஷம் கீழே எறிந்துவிட்டு, அந்தக் காட்டுப் பக்கமே திரும்பாமல் போய்விட்டது. மூன்று நாள் சாக்ஸ் ஸார், அதுவும் ஒரு ஜீவன்தானே!

பத்து ரூபாய் நோட்டு

சிரித்து முடித்துக் குளித்துவிட்டு சட்டை மாட்டிக்கொண்டிருந்தோம். ரயில்வே அண்ணன் மட்டும் திரும்பி நின்றுகொண்டு ஏதோ செய்துகொண்டிருந்தார். ரொம்ப நேரம். பி.டி. மாஸ்டர் எட்டிப் பார்த்தார். சட்டையின் இரண்டாவது பொத்தான். வலது கை விரல்கள் அதைப் பிடிக்கவில்லை. இடது கையால் முயற்சி பண்ணிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, கை விறைச்சுப் போச்சா? தண்ணி ஜாஸ்தி ஜில்லு" என்றார் மாஸ்டர்.

"ஆமாமா, தண்ணிதான்" என்றார் அண்ணன், சட்டென்று.

மெடிக்கல் ரெப் டாக்டர்கள் ரூம் வாசலில் காத்திருந்து காத்திருந்தே அரை டாக்டர் ஆனவர். அதுவரை சாக்ஸைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார். பர்ஸிலிருந்து ஒரு பத்து ரூபாய் நோட்டை எடுத்தார். "அண்ணே, இதைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வச்சுப் பிடிங்க. விரலை மடக்காம, சாவி பிடிக்கற மாதிரி. நான் இழுப்பேன், விடக்கூடாது."

இடது கையில் பிடித்தார். ரெப் இழுத்தார், வரவில்லை. வலது கையில் பிடித்தார். நோட்டு, தண்ணீரில் போகிற இலை மாதிரி, வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

யாரும் பேசவில்லை.

"எத்தனை நாளா?" என்று கேட்டார் பேங்க்காரர்.

"விழுப்புரம் தாண்டினதுலேர்ந்து சுண்டுவிரல் மரமரன்னு இருந்துச்சு. நேத்து துறையூர் கிட்ட மோதிர விரலும் சேர்ந்துக்கிச்சு. ப்ரேக்கை ரெண்டு விரலால பிடிச்சுச் சமாளிச்சேன்."

எனக்கு வயிற்றில் ஏதோ பிசைந்தது. இந்தக் கையோடு இவர் இறங்க இருந்தது 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் ப்ரேக்கை அழுத்தி, விட்டு, அழுத்தி, எதிரே பஸ் வந்தால் கெட்டியாகப் பிடித்து நிற்கவேண்டும். விரல் கேட்காத ஒரே ஒரு வளைவு போதும்.

சாப்பிட்டவுடன் பஸ் பிடித்து அவரைத் துறையூருக்கு அழைத்துப் போனோம். அங்கே ஒரு டாக்டர் கையை மடக்கி, விரித்து, தட்டிப் பார்த்தார். முழங்கையில் இடித்துக்கொண்டால் சுரீரென்று ஷாக் அடிக்குமே, அந்த அல்னார் நரம்பு மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கமாக உள்ளங்கைக்குள் நுழைகிறது. உடம்புப் பாரத்தையெல்லாம் ஹேண்டில்பாரில் சாய்த்து மணிக்கணக்கில் ஓட்டினால் அந்த இடத்தில் நரம்பு நசுங்குகிறது. முதலில் சுண்டுவிரலும் மோதிர விரலின் பாதியும் மரத்துப்போகும். அப்போதே நிறுத்தினால் சீக்கிரம் சரியாகிவிடும். விடாமல் ஓட்டினால் விரலின் பலம் போகும், தேறப் பல வாரம் ஆகும். சைக்கிள்காரர்களுக்கு இது புதிதில்லையாம்.

"மலை இறக்கம் கூடவே கூடாது. சைக்கிளும் கொஞ்ச நாள் வேண்டாம். மூணு வாரத்துல குறையலைன்னா நரம்பு டெஸ்ட் பண்ணிப் பார்த்துக்கலாம்" என்றார் டாக்டர்.

திரும்பும் பஸ்ஸில் அண்ணன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். கம்ப்யூட்டர் தம்பிதான் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டான். "ஏண்ணே சொல்லலை?"

"முப்பது வருஷம் ரயில்வே தம்பி. என்னால வண்டி லேட்டுன்னு ஒரு ரிப்போர்ட் கிடையாது. கை மரத்துப் போச்சுன்னு சொன்னா நீங்க எல்லாரும் நிப்பீங்க. அடுத்த வருஷம் 'பெரியவர் வேண்டாம்'னு முடிவு பண்ணுவீங்க. அதான்."

தம்பி ஒன்றும் சொல்லவில்லை. அவர் பையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

கேட்டு வாங்குவதில்லை

அன்று ராத்திரி மறுபடி கூடினோம். இந்தத் தடவை ஓட்டெடுப்பு இல்லை. அண்ணனின் சைக்கிளை பஸ் மேலே ஏற்றினோம். அவருக்குப் புது உத்தியோகம்: அட்வான்ஸ் பார்ட்டி. முன்னால் பஸ்ஸில் போய்ச் சாப்பாடு, தங்க இடம், தண்ணீர் எல்லாம் ஏற்பாடு பண்ணுவது. ரயில்வே மூளை அல்லவா! செம்மேட்டுக்கு நாங்கள் நாக்குத் தள்ள ஏறிப் போய்ச் சேர்ந்தபோது, மலை வாழைப்பழமும் சூடான டீயும் வாட்சைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தன. "பதினெட்டு நிமிஷம் லேட்" என்று ரிப்போர்ட் வேறு. கன்னியாகுமரி வரை அவர் எங்களோடுதான் வந்தார். ஐந்து வாரத்தில் விரல் தேறிவிட்டது. இப்போது சட்டைப் பொத்தானை அவரே போடுகிறார். ஹேண்டில்பாரை ஒரு அங்குலம் உயர்த்தி, தடியாக உறை சுற்றி, வாரம் ஒரு நாள் ஓட்டுகிறார்.

எனக்கு மறக்காதது அந்த ஓட்டெடுப்புதான். ஓய்வு வேண்டாம் என்று கை தூக்கிய ஐந்து பேரில் ஒருவருக்குத்தான் அது உயிர் போகிற அவசரமாக வேண்டியிருந்தது. தூக்கிய அந்தக் கைதான் மரத்துப்போன கை!

ரோட்டில் போகும்போது முன்னால் போகிறவனின் பின் சக்கரத்தைத்தான் பார்க்கிறோம். முகத்தைப் பார்ப்பதில்லை. வலியை எல்லாரும் வேகத்துக்குள் ஒளித்து வைத்திருப்பார்கள். அதுவும் கூட்டமாகப் போனால் ரொம்பவே ஒளிப்பார்கள். எட்டுப் பேரில் முதலில் "முடியலை" என்று சொல்கிற ஆளாக இருக்க யாருக்குத்தான் பிடிக்கும்? நின்று, குளித்து, சட்டை மாற்றுகிற நாளில்தான் அது வெளியே வருகிறது. ஓய்வைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால், தேவைப்படுகிறவர் கேட்கவே மாட்டார். அதனால்தான் அதை முன்னாலேயே பேப்பரில் எழுதிவிட வேண்டும். யாரும் கேட்கவும் வேண்டாம், யாரும் கொடுக்கவும் வேண்டாம்.

இது சைக்கிளுக்கு மட்டும் உள்ள ஞானமில்லை. நாம் அனுபவிக்கிற ஞாயிற்றுக்கிழமையும் இப்படி எழுதி வாங்கியதுதான். பம்பாய் மில் தொழிலாளர்கள் வாரத்தில் ஏழு நாளும் உழைத்துக்கொண்டிருந்த காலத்தில், நாராயண் மேகாஜி லோகண்டே என்பவர் அவர்களைத் திரட்டி 1884-லிருந்து மனுக் கொடுத்துப் போராடினார். 1890 ஜூனில் ஞாயிறு விடுமுறை கிடைத்தது. பிறகு 1948-ன் தொழிற்சாலைச் சட்டத்தில் வார விடுமுறை எழுத்திலேயே ஏறிவிட்டது. 'தொழிலாளி களைப்பாக இருந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்' என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வேலை போய்விடும் என்ற பயத்தில் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்.

நீங்களும் கிளம்புவதானால்...

* மூன்று, நான்கு நாள் ஓட்டத்துக்கு ஒரு நாள் ஓய்வு என்று கிளம்புவதற்கு முன்பே எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். களைத்துப் போனவர்கள் ராத்திரி பத்து மணிக்கு எடுக்கிற முடிவை நம்பாதீர்கள்.

* கஷ்டமான கட்டத்துக்கு முன்னால் ஓய்வை வையுங்கள். தண்ணீர், சாப்பாடு, டாக்டர், பஸ் நான்கும் எட்டுகிற தூரத்தில் இருக்கிற ஊராகப் பாருங்கள்.

* அன்றைக்குப் பட்டினி வேண்டாம். சோறு, இட்லி, வாழைப்பழம், பருப்பு என்று வஞ்சனையில்லாமல் சாப்பிடுங்கள். பாக்கி அடைக்க வேண்டிய நாள் அது.

* செயின், ப்ரேக் கட்டை, டயர், போக்ஸ் கம்பி, எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பிறகு அதே கவனத்தோடு ஒருவரை ஒருவர் பாருங்கள். விரல், முழங்கால், உட்காருகிற இடத்துப் புண். கூச்சப்படுகிறவரிடம் "ஏதாவது வலி இருக்கா?" என்று கேட்காதீர்கள், இல்லை என்பார். "எங்கே வலிக்குது?" என்று கேளுங்கள்.

* ஓட்டும்போது கை வைக்கிற இடத்தை அடிக்கடி மாற்றுங்கள். சுண்டுவிரல் மரத்தால் இறங்கிவிடுங்கள். சொல்லியும் விடுங்கள்.

சைக்கிள் பக்கமே போகாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. வருஷக் கடைசியில் "எனக்கு இன்னும் ஒன்பது சி.எல். பாக்கி இருக்கு, எடுக்கவே இல்லை" என்று மெடல் மாதிரி காட்டிக்கொள்கிற ஒருவர் எல்லா ஆபீஸிலும் இருப்பார். பக்கத்து சீட்டிலேயேகூட இருப்பார். அடுத்த தடவை அவர் அப்படிச் சொல்லும்போது சிரித்துவிட்டுப் போகாமல், பர்ஸிலிருந்து ஒரு பத்து ரூபாய் நோட்டை எடுத்து, "இதைக் கொஞ்சம் பிடிங்க ஸார்" என்று கொடுத்துப் பாருங்கள்.

கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் சந்தோஷம். நோட்டைத் திரும்ப வாங்குவது உங்கள் சாமர்த்தியம்!